நாதன் அண்ணனின் இட்லிப்பூச் செடி

நாதன் அண்ணன் போய்விட்டார் என்று அவர் மகள் செல்வி போனில் சொன்னபோது, நான் ஆண்டர்சன்பேட்டை சலூனில் பாதிச் சவரத்தில் இருந்தேன். ஒரு கன்னத்தில் நுரையோடு அப்படியே எழுந்து வந்துவிட்டேன். பார்த்திருந்தால் அவரே சிரித்திருப்பார்.

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் எங்களுக்கு ஒரே ஷிப்ட். வெளியே ஒரே லைனில் அடுத்தடுத்த வீடு. அவர் வாசலில் ஆளுயரம் நின்ற வெட்சிச் செடியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நமக்கு அது இட்லிப்பூ. தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைட் மேட்டுத் தூசி படிந்த அந்த மண்ணில் புல்கூட யோசித்துத்தான் முளைக்கும். அண்ணன் எங்கிருந்தோ சைக்கிளில் செம்மண் கொண்டுவந்து கொட்டி, தேன்சிட்டுகளுக்காக அதை வளர்த்தார். "கீழ லெவல்ல இன்னா கீது? எலியும் கரப்பானும். மேல வந்தா ஒரு குருவி மூஞ்சியாவது பாக்கணும்பா" என்பார். பூ கேட்டு யார் வந்தாலும் கிடையாது. "அது அவங்க சாப்பாடு" என்று அனுப்பிவிடுவார். கஞ்சன் என்று நானே கேலி பேசியிருக்கிறேன்.

அப்போது நான் நம் விகாரையின் செயலாளர். பதவியோடு பவிசும் வந்திருந்தது. ஒரு வைகாசிப் பௌர்ணமிக்குச் சொல்லிவைத்த பூ வந்து சேரவில்லை. வெளியூர் பிக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். அண்ணன் வீட்டில் இல்லை. கத்தரிக்கோலோடு போய்ச் செடியை மொட்டையடித்து இரண்டு தட்டு நிரப்பினேன். கடைசிக் கிளையோடு ஒரு கூடும் கீழே விழுந்தது. உள்ளே இருந்த இரண்டு முட்டைகளும் உடைந்துபோயின. காலால் மண்ணைத் தள்ளி மூடினேன். பிறகு ஓடிப்போய், அந்தப் பூக்களைப் புத்தர் முன் வைத்து, எல்லோருக்கும் முன்னால் நின்று பஞ்சசீலத்தின் ஐந்து உறுதிமொழியையும் சொன்னேன்.

சாயங்காலம் அண்ணன் என் வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் மண் ஒட்டிய அந்தக் கூடு.

"பஞ்சசீலம் சொன்னியா?"

"சொன்னேண்ணா."

"மொதல்லது இன்னா?"

பிக்குவைப் பஸ் ஏற்ற நேரமாகிறது என்று செருப்பைத் தேடினேன். அவர் கூட்டோடு திரும்பிப் போய்விட்டார்.

திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். மறுநாள் காலையில் எப்போதும்போலத் தான் படித்து முடித்த பேப்பரை என்னிடம் நீட்டினார். அடுத்த வருஷம் புது ஜோடி கூடு கட்டியதும், சுவருக்கு மேல் தலையை நீட்டி, "வந்து பாருபா, குடித்தனம் வந்துட்டாங்க" என்று என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். அன்றாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். மழை வருமா என்று ஏதோ பேசிவிட்டுத் திரும்பினேன். நாளைக்கு, நாளைக்கு என்று எட்டு வருஷம் ஓட்டிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

அவரைக் கிடத்தியிருந்தபோது செல்வி வந்து கேட்டாள்: "சித்தப்பா, செடி நிறைய பூத்துக் கீது. அப்பாவுக்கு ஒரு தட்டு பறிக்கட்டா?"

"வேணாம்மா. அது அவங்க சாப்பாடு" என்றேன். கடையில் வாங்கிய சாமந்தி மாலைதான் போட்டோம்.

அடக்கத்தில் பஞ்சசீலம் சொல்ல என்னைத்தான் முன்னால் நிறுத்தினார்கள். முதல் வரியிலேயே தடுமாறி நின்றேன். துக்கம் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். அதை நான் வைத்துக்கொள்கிறேன். எல்லோரும் மண் போட்டுவிட்டு நகர்ந்த பிறகு, குழியருகே குனிந்து பதிலைச் சொன்னேன்:

"எந்த உயிரையும் கொல்லக் கூடாதுண்ணா."