நான் சொன்ன சாட்சி

ஜெபம் பண்ணத் தெரியவில்லையே என்று அழுதவள் நான். அப்புறம் நன்றாகவே தெரிந்துகொண்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

தொண்ணூறுகளின் கடைசி. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு தறி. என் வீட்டுக்காரர் தறியில் உட்காருவார். புடவையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று கோர்வை போட்டு நெய்வதற்குப் பக்கத்தில் இன்னோர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். அத்தை, அதாவது என் மாமியார், ராட்டையில் நூல் சுற்றிக் கொடுப்பார். குழந்தை இல்லை. மூன்று பேரும் ஒரு தறியும் சேர்ந்தால் அந்த அறையில் நிற்க இடமிருக்காது. வீட்டுக்காரர் இருமினால் என் தோள் குலுங்கும், அவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்திருப்போம்.

இருமல் ஒரு மாதத்துக்கு மேல் ஓடியபிறகு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சளியைச் சோதித்துப் பார்த்து டி.பி. என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை, ஒரு நாள்கூட விடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அதே வாரம் எதிர்வீட்டு அக்கா என்னை ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் இருந்த ஜெபவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அத்தையும் சும்மா இருக்கவில்லை. பையனுக்கு இருமல் நின்றால் எங்கள் தறியிலேயே நெய்த பட்டுப்புடவை சாத்துவதாகத் தெருமுனை அம்மனிடம் வேண்டிக்கொண்டார். ஆக, டாக்டர், அம்மன், இயேசு என்று மூன்று பேரிடம் அவரை ஒப்படைத்தோம். அவர் மூன்று பேருக்கும் தலையாட்டினார். அவர் சுபாவம் அப்படி.

நான் ஜெபவீட்டுக்குப் போக ஆரம்பித்தது தெரிந்ததும் என் அண்ணன் தன் வீட்டு வாசலில் என்னைக் கால் வைக்க விடவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த நீளமான ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் எனக்கு இருந்த ஒரே கவலை வேறு. சுற்றியிருந்த பெண்கள் கண்ணை மூடிக் கையை உயர்த்தினால் வார்த்தை மழையாகக் கொட்டும். எனக்கு “இயேசப்பா, அவருக்கு இருமல் நிக்கணும்” என்பதற்கு மேல் வாயில் ஒன்றும் வராது. வெட்கத்தை விட்டுப் பாஸ்டரிடம் கேட்டேன். அவர் ஒரு காலத்தில் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கியவர். வளவளவென்று பேசமாட்டார்.

“முதல்ல ஸ்தோத்திரம் பண்ணும்மா. அப்புறம் நீ செஞ்ச தப்ப வாயால சொல்லு. அதுக்கப்புறம்தான் கேக்கணும். வரிசைய மாத்தாத.”

முதலாவதையும் மூன்றாவதையும் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். நடுவில் இருந்ததை மட்டும், “தெரிந்தும் தெரியாமலும் செய்த பாவங்களை மன்னியும் ஆண்டவரே” என்று ஒரே மூச்சில் தாண்டிவிடுவேன். எனக்கு அப்படி என்ன பாவம் இருந்துவிடப் போகிறது? விடிந்தால் தறி, பொழுது சாய்ந்தால் அடுப்பு. பாவம் பண்ண நேரம் எங்கே கிடைத்தது?

வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். தறியில் உட்கார்ந்து முணுமுணுத்துப் பழகினேன். எங்கே குரலை ஏற்ற வேண்டும், எங்கே விம்ம வேண்டும் என்பது தானாகவே பிடிபட்டது. இரண்டு மாதத்தில், “தலையில கை வச்சி ஜெபம் பண்ணும்மா” என்று என்னைவிட மூத்த பெண்கள் என் முன்னால் முட்டி போட ஆரம்பித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது.

அந்த இரண்டு மாதத்தில் அவருக்கு இருமலும் நின்றுவிட்டது. கன்னம் கொஞ்சம் உப்பியது. பழையபடி தறியில் உட்கார்ந்துகொண்டு தெருவில் போகிறவர்களைக் கிண்டல் செய்ய ஆரம்பித்தார்.

ஆடி மாதம் வந்தது. அத்தை வேண்டுதலை முடிக்கத் தயாரானார். ஆனால் எங்கள் தறியில் அப்போது ஏறியிருந்தது முதலாளி கொடுத்த கல்யாணப் புடவையின் பாவு, அதாவது நீளவாட்டு நூல். அதை முடிக்காமல் வேறு புடவை நெய்ய முடியாது. அதனால் கடையில் ஒரு நூல் புடவை வாங்கி வந்து, “பட்டு பின்னால சாத்துறேன் தாயே, கோச்சிக்காத” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வரும் வெள்ளிக்கிழமை சாத்துவதென்று முடிவு செய்தார். தெரு முழுக்க, “எம்புள்ளைய அம்மா காப்பாத்திட்டா” என்று சொல்லிக்கொண்டும் வந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் உபவாசம் கிடந்து வாங்கிய சுகத்தை அவர் தெருமுனையில் கொண்டுபோய்ச் சாத்துவதா? வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

எங்கள் ஜெபவீட்டில் ஆராதனை முடிவதற்கு முன் பாஸ்டர், “சாட்சி சொல்றவங்க முன்னால வரலாம்” என்பார். கடவுள் தனக்குச் செய்ததைச் சபைக்கு முன்னால் நின்று சொல்வதுதான் சாட்சி. நான் எழுந்து போனேன். கர்த்தர் என் வீட்டுக்காரருக்குச் சுகம் கொடுத்துவிட்டார் என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். அங்கேயே நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கலாம்.

“இனிமே மாத்திரையே வேணாம். மாத்திரைய நிறுத்திட்டோம்” என்றேன்.

நாங்கள் நிறுத்தவில்லை. அன்று காலையில்கூட நான்தான் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், அவர் விழுங்கினார். மாத்திரை என்று ஒன்று இருக்கும்வரை புகழ் முழுசாகக் கர்த்தருக்குப் போய்ச் சேராது, அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான். கைதட்டல் அடங்கப் போகிறது என்று தெரிந்தது. இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. கிடைத்தது.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் என்னிடம் வந்தார்.

“டாக்டரு குடுத்த மாத்திர முடிஞ்சிடுச்சாம்மா?”

“முடிஞ்சிடுச்சிங்க ஐயா.”

அன்று கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் இரண்டடி தள்ளிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். என்னை ஒருமுறை பார்த்தார்.

மறுநாள் காலை மாத்திரையும் தண்ணீரும் கொண்டுபோனேன். டம்ளரை வாங்கித் தரையில் வைத்தார்.

“வேணாம்மா. அவ்ளோ பேரு முன்னால நிறுத்திட்டோம்னு சொல்லிட்ட. நான் வூட்டுக்குள்ளார முழுங்கிக்கினு இருந்தா உன்ன பொய்க்காரி ஆக்கின மாதிரி ஆயிடும். எனக்குத்தான் இப்போ ஒண்ணுமில்லயே.”

நான் பொய்க்காரிதான், நீங்கள் முழுங்குங்கள் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நான் “ஸ்தோத்திரம்” என்றேன். மாத்திரையை ராட்டைக்கு மேலிருந்த மாடத்தில் வைத்தேன். அத்தை கேட்டபோது, டாக்டரே போதும் என்றுவிட்டதாகச் சொன்னேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வெள்ளிக்கிழமை அவர் அம்மனுக்கு நூல் புடவை சாத்திவிட்டுக் குங்குமத்தோடு வந்தார். இரண்டு பேரும் ஜெயித்துவிட்ட வீடாக இருந்தது அது.

கார்த்திகையில் இருமல் திரும்பி வந்தது. முதலில் அவர் அதைத் தறிச் சத்தத்தில் மறைத்தார். நூலை நெருக்கும் பலகையை ஓங்கி அடிக்கும்போது இருமிக்கொள்வார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியாது என்று எப்படி நினைத்தாரோ. நானும் தெரியாத மாதிரி, கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஜெபவீட்டில் முன்னைவிடச் சத்தமாக ஜெபித்தேன். வியாதியைக் கடிந்துகொண்டேன், சாத்தானை விரட்டினேன். “உன் ஜெபத்துல இன்னா வல்லமபா” என்றாள் எதிர்வீட்டு அக்கா. சாட்சி சொன்ன வீட்டில் இருமல் திரும்பிவிட்டது என்று நான் எந்த வாயால் சொல்வேன்? சொன்னால் கர்த்தருக்கு அவமானம் என்று நினைத்தேன். கர்த்தருடைய மானத்தைக் காப்பாற்றுகிற பொறுப்பை யார் என்னிடம் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

தையில் ஒருநாள் மத்தியானம், தறியிலேயே குனிந்து இருமினார். நிமிர்ந்ததும் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். நெய்துகொண்டிருந்தது அரக்கு நிறப் புடவை. பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. கை வைத்தேன், ஈரமாக இருந்தது. விரலைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அது ரத்தம் என்று புரிந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு நுரையீரலும் போய்விட்டது, பழைய மாத்திரை இனிமேல் கேட்காது என்றார் டாக்டர். நடுவில் ஏன் நிறுத்தினாய் என்று அவரைத் திட்டினார்.

“மறந்துட்டேன் சார்” என்றார் என் வீட்டுக்காரர்.

டாக்டர் போனபிறகு நான் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வழக்கம்போலக் கண்ணை மூடினேன். ஸ்தோத்திரம் என்ற சொல்கூட வரவில்லை. “நான் பொய் சொன்னேன். கைதட்டலுக்காகச் சொன்னேன். இவர் சாகப் போறார், எனக்குப் பயமா இருக்குது” என்று மட்டும் வந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. விம்மல்கூட இல்லை. கண்ணைத் திறந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமென்” என்றார். அப்புறம் மூச்சு வாங்கியபடி, “அம்மாகிட்ட இத சொல்லிக்கினு இருக்காத. நாளைக்கு நீ அவங்களோடதான் இருந்தாவணும்” என்றார்.

எட்டாம் நாள் இறந்துபோனார்.

அதன்பிறகு அத்தை சோற்றைத் தொடவில்லை. காலையில் ஒரு டீ, மாலையில் ஒரு டீ. மற்ற நேரமெல்லாம் தெருமுனையில் அம்மன் கோவில் படியில் போய் உட்கார்ந்துகொள்வார். பட்டுப்புடவை என்று வேண்டிக்கொண்டு நூல் புடவை சாத்தியதை நினைத்து நினைத்து நெற்றியால் படியில் மோதிக்கொள்வார்.

“வாய்ல பட்டுன்னு சொல்லிட்டு கையில நூல குடுத்தேன். அவள ஏமாத்தினேன், அவ எம்புள்ளைய எடுத்துக்கினா. நாந்தான் தின்னுட்டேன் எம்புள்ளைய.”

பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே சொன்னார். என்னிடமும் சொன்னார். நான் அவர் நெற்றிக் காயத்தில் மஞ்சள் வைத்துவிட்டு, உள்ளே போய், “ஆண்டவரே, அத்தைக்கு ஆறுதல் கொடும், அவர் ஒரு வாய் சோறு சாப்பிடும்படி செய்யும்” என்று ஜெபித்தேன். ஒரு மாதம் ஜெபித்தேன். அவருடைய கை எலும்பு துருத்த ஆரம்பித்தது. ராட்டையைச் சுற்றவும் தெம்பு இல்லை. கர்த்தர் கேட்கவில்லையே என்று ஒருநாள் எனக்குக் கோபம்கூட வந்தது. சோற்றை வடித்துக்கொண்டிருந்தேன். பாதி வடித்த பானையோடு அப்படியே நின்றுவிட்டேன். அவருக்கு ஆறுதல் தரக்கூடிய ஒரே வார்த்தை என் வாயில் இருக்கிறது. அதை அடக்கிவைத்துக்கொண்டு அதையே வானத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சொன்னால் இந்த வீடு எனக்கு இல்லை. வேறு வீடும் இல்லை. அவர் சொல்லாதே என்றதும் அதற்காகத்தான். இதையெல்லாம் நன்றாக யோசித்துவிட்டுத்தான் போனேன். ஏதோ ஆவியில் நிறைந்து ஓடினேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய்ச் சாட்சி.

அத்தை தறிக்குழியின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்.

“அத்த, உங்க அம்மன் எடுத்துக்கல. டாக்டர் மாத்திரைய நிறுத்தச் சொல்லல. ஆறு மாசம் சாப்பிடணும். ரெண்டு மாசத்துல நான்தான் நிறுத்த வச்சேன். சபையில பெருமைக்குச் சொல்லிட்டேன், அவர் என்னைக் காப்பாத்தறதுக்காக நிறுத்திட்டாரு. உங்ககிட்டயும் பொய் சொன்னேன்.”

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“முழுங்கி இருந்தா பொழச்சிருப்பானா?”

“பொழச்சிருப்பாரு.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அடுப்பங்கரைக்குப் போனார். தட்டை எடுத்துச் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, கீழே உட்கார்ந்து பிசைந்து சாப்பிட்டார். அழுதுகொண்டேதான் சாப்பிட்டார், ஆனால் நிறுத்தவில்லை. இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டார். பானை காலியானதும் கவிழ்த்து வைத்தார். எனக்கு மிச்சம் வைக்கவில்லை, என் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அவர் சாப்பிட வேண்டும் என்றுதான் நான் ஒரு மாதமாக ஜெபித்திருந்தேன்.