பட்டியலில் முதல் பெயர்

என் மனைவியின் நோய்க்கு விடை சொன்ன கடிதத்தை நான் நானூற்று எண்பத்தேழு நாட்கள் ஒளித்து வைத்தேன்.

மறந்துவிட்டேன் என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். எழுபத்து மூன்று வயதுக் கிழவன், மறந்திருப்பான் என்று இரக்கப்படுவீர்கள். வேண்டாம்! நான் எதையும் மறப்பவன் அல்ல. முப்பத்தாறு ஆண்டுகள் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி, நான்கு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று அட்டையில் போட்டுக்கொண்டே போவதுதான் என் வேலை. ஒரு மூட்டை கணக்கில் தவறினால் எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவன் ஒரு கடிதத்தை மறப்பேனா?

ஒளித்தேன். தெரிந்தே ஒளித்தேன்.

வசந்தாவின் நோய் என்று தொடங்கியது என எந்த மருத்துவர் கேட்டாலும் எங்களால் ஒரு நாளைச் சொல்ல முடிந்ததில்லை. முதலில் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தல். பிறகு விரல் மூட்டுகளில் வலி. அவள் வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். காலையில் கத்தரிக்கோலைப் பிடிப்பதற்கு முன் அரை மணி நேரம் விரல்களை நீவிக்கொள்வாள். பிறகு வாய் காய்ந்தது. தண்ணீர் இல்லாமல் ஒரு வாய் இட்லி இறங்காது. பற்கள் ஒவ்வொன்றாகச் சொத்தையாயின. தாடையின் இரு பக்கமும் வீங்கும், தானே வடியும். பாதங்களில் எரிச்சல். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சோர்வு... தூங்கி எழுந்தும் தீராத சோர்வு.

மூன்று ஆண்டுகளில் பதினான்கு மருத்துவர்கள். கண்ணைப் பார்த்தவர் பல்லைக் கேட்கவில்லை. பல்லைப் பிடுங்கியவர் விரலைக் கேட்கவில்லை. விரலுக்கு மாத்திரை தந்தவர் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. ஒன்பதாவது மருத்துவர் மட்டும் பேனாவை மூடிவைத்துவிட்டு, "வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா?" என்று கேட்டார்.

வெளியே வந்ததும் வசந்தா சொன்னாள்: "பிரச்சன பக்கத்துலயே குந்திகினு கீது, டாக்டருக்கு தெர்ல."

சிரித்தோம். அப்போது எங்களுக்குச் சிரிக்க வந்தது.

எங்கள் வீடு எர்ணாவூரில், அனல் மின்நிலையத்துச் சாம்பல் வந்து விழும் இடத்தில். காலையில் வாசலைக் கூட்டினால் முறத்தில் கரும்பொடி சேரும். கொடியில் காயும் வெள்ளை வேட்டி மாலைக்குள் சாம்பல் நிறமாகிவிடும். இங்கே யாருக்கு இருமல் வந்தாலும், தோல் அரித்தாலும், கண் எரிந்தாலும் ஒரே விடைதான்: சாம்பல். பெரும்பாலும் அது சரியான விடையும்கூட. அதனால்தான் அது தவறாக இருக்கக்கூடிய இடத்திலும் நாங்கள் வேறொன்றைக் கேட்பதில்லை. வசந்தாவைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள், "சாம்பலுதான்க்கா, வேற இன்னா?" நானும் அதையே சொன்னேன்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். தலைவர் மாணிக்கம், ஆட்டோ ஓட்டுபவர். சாம்பலால் நோயுற்றவர்கள் என்று நாற்பது பேரின் பெயர்களை எழுதி சாம்பலைத் தடுக்கக் கேட்டு ஒரு முறை அரசுக்கு மனுக் கொடுத்தோம். அதை வாங்கிப் பார்த்த அதிகாரி சிரித்தார். "பெரியவரே, இதுல பீடி குடிக்கிறவங்க எத்தன பேரு? சுகர் எத்தன பேருக்கு? ரெண்டு பேருக்கு வேற நோய்னு தெரிஞ்சாலே உங்க லிஸ்ட் மொத்தமும் போச்சு."

விசாரித்ததில் ஆறு பேருக்கு வேறு நோய் இருந்தது.

திரும்பும் வழியில் டோல்கேட் சிக்னலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு மாணிக்கம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா நைனா, கப்பல் கப்பலா எண்ணுனேன்னு சொல்லுவியே... நாப்பது தலைய எண்ணத் தெர்லியா உனுக்கு?"

அந்தக் கேலி என்னைத் தைத்தது. எவ்வளவு ஆழமாகத் தைத்தது என்று அன்று எனக்கே தெரியவில்லை.

ஏழு வாரங்கள் வீடு வீடாக ஏறி இறங்கினேன். புகையிலை உண்டா, சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, பழைய மருத்துவச் சீட்டு உண்டா? ஒவ்வொருவரையும் துருவித் துருவிக் கேட்டேன். ஐயம் இருந்தால் பெயரை அடித்தேன். கடைசியில் நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் நின்றன. வேறு நோய் சொல்ல முடியாத நூற்றுப் பன்னிரண்டு பேர்! முதல் பெயர் வசந்தா. பீடி இல்லை, சர்க்கரை இல்லை, பதினான்கு மருத்துவர்களாலும் வேறு பெயர் வைக்க முடியாத நோய். அவளைவிடச் சுத்தமான சாட்சி யார்?

"ரேஷன் கடைல கூட நான் ஃபர்ஸ்ட்டு நின்னதில்ல," என்றாள் வசந்தா. அவளுக்குப் பெருமைதான்.

அந்தப் பட்டியலைக் கொடுக்க வேண்டிய அரசு விசாரணைக்கு மூன்று வாரங்கள் இருந்தபோது எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். வந்திருந்த பெண் மருத்துவர் மிக இளையவர். பதினான்கு பேரும் கேட்காத ஒரு கேள்வியை அவர் கேட்டார்.

"அழுதா கண்ணீர் வருதாம்மா?"

வசந்தா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எங்க டாக்டரம்மா வருது? எங்க அக்கா செத்தப்பவே ஒரு சொட்டு வர்ல. கல்நெஞ்சுக்காரின்னு பேசுனாங்க."

மருத்துவர் அவளுடைய தாடையைத் தொட்டுப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். வசந்தா மாத்திரை வாங்கும் வரிசைக்குப் போனதும் என்னை அருகில் அழைத்தார்.

"சார், இது எல்லாம் தனித்தனி நோய் இல்ல. ஒரே நோயா இருக்கலாம். உடம்பே தன்னோட கண்ணீர்ச் சுரப்பியையும் எச்சில் சுரப்பியையும் தாக்குற மாதிரி ஒண்ணு. பெரிய ஆஸ்பத்திரில வாத நோய்ப் பிரிவுன்னு இருக்கு. லெட்டர் தரேன், இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க. கண்ணை மட்டும் விட்டுடாதீங்க."

"அப்படியானால் சாம்பல் இல்லையா?" என்று கேட்டேன்.

பாருங்கள்... என் மனைவிக்கு என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை! சாம்பல் இல்லையா என்று கேட்டேன்.

"டெஸ்ட் பண்ணாம எதுவும் சொல்ல முடியாது சார்," என்றார் அவர்.

கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். வரிசையிலிருந்து வந்த வசந்தா, "இன்னாய்யா சொன்னாங்க?" என்றாள்.

"சாம்பல்தான். சொட்டு மருந்து போடச் சொன்னார்கள்."

மூன்று வாரங்கள்தானே என்று நினைத்தேன். விசாரணை முடிந்த மறுநாளே அழைத்துப் போய்விடலாம். இப்போதே போய், வேறு நோய் என்று ஒரு காகிதம் வந்துவிட்டால்? முதல் பெயரே பொய் என்றால் அந்த அதிகாரி மறுபடியும் சிரிக்கமாட்டாரா? நூற்றுப் பதினொரு பேருக்காக ஒருத்தி மூன்று வாரம் பொறுக்கக்கூடாதா?

அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களிடமும் அப்படியே சொல்லித் தப்பித்துவிடலாம். ஊருக்காகச் செய்தேன் என்றால் யார் குறை சொல்வார்கள்?

ஆனால் அது உண்மையல்ல. அவள் பெயரை அடித்திருந்தால் நூற்றுப் பதினொன்று இருந்திருக்கும். நூற்றுப் பதினொன்று போதாதா? தாராளமாகப் போதும்! முதல் பெயரை அடித்தால் கீழே எல்லா எண்களும் ஒவ்வொன்று குறையும். எட்டுப் பக்கங்களையும் புதிதாக எழுத வேண்டும். மாணிக்கத்திடம் போய், என் வீட்டிலேயே தவறாக எண்ணிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு என்னை எதையும் எண்ணச் சொன்னவர்கள் இல்லை. அந்தப் பட்டியல் ஒன்றுதான் என்னுடையதாக இருந்தது. பிழையில்லாமல் இருந்தது...

விசாரணை தள்ளிவைக்கப்பட்டது. மறுபடியும் தள்ளிவைக்கப்பட்டது. மொத்தம் ஆறு முறை. ஒவ்வொரு முறையும், அடுத்த தேதி முடிந்ததும் என்றேன். கடிதம் மனுக் கோப்பின் கடைசி உறையில் கிடந்தது. அதற்குள் அவளுக்கு மேலும் மூன்று பற்கள் போயின. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. நான் கோத்துக் கொடுத்தேன். மின்விசிறிக் காற்று பட்டாலே கண்ணை மூடிக்கொள்வாள். "இந்த சாம்பலு என்னத் தின்னுட்டுதான் வுடும்," என்பாள். நான் செய்தித்தாளைத் திருப்புவேன்.

நானூற்று எண்பத்தேழாம் நாள் காலை அவளால் வலது கண்ணைத் திறக்க முடியவில்லை. சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். அவ்வளவு வலி! மாணிக்கத்தின் ஆட்டோவில் கண் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். கருவிழியில் புண் என்றார்கள். கண்ணில் ஈரமே இல்லையே, இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றார்கள். அவர்கள் அனுப்பியது அந்த முகாம் மருத்துவர் சொன்ன அதே வாத நோய்ப் பிரிவுக்குத்தான்.

அங்கே ஒரு சோதனை செய்தார்கள். இடது கண்ணின் கீழ் இமையில் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைச் செருகி ஐந்து நிமிடம் மூடியிருக்கச் சொன்னார்கள். காகிதத்தில் அளவுக் கோடுகள் இருந்தன. பத்து மில்லிமீட்டருக்கு மேல் நனைய வேண்டுமாம். எடுத்துக் காட்டினார்கள். இரண்டு. வாழ்நாளெல்லாம் எண்ணிய நான் அந்த இரண்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இரத்தப் பரிசோதனை வந்தது. உதட்டின் உள்ளே சிறு சதை எடுத்துப் பார்த்தார்கள். நோய்க்குப் பெயர் கிடைத்தது. முகாம் மருத்துவர் அன்று சொன்னதேதான். சாம்பலா காரணம் என்று அங்கேயும் கேட்டேன். "காரணம்னு சொல்ல முடியாது. ஆனா காஞ்ச கண்ணுல தூசி விழுந்துட்டே இருந்தா புண் சீக்கிரம் வரும்," என்றார் பெரிய மருத்துவர். பிறகு எழுதிக்கொண்டே கேட்டார்: "இதுக்கு முன்னாடி யாராவது சந்தேகப்பட்டு இங்க எழுதிக் குடுத்தாங்களா?"

வசந்தா கட்டுப் போட்ட கண்ணோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இல்லை," என்றேன்.

அவரும் இல்லை என்று எழுதிக்கொண்டார்.

மாத்திரைகளால் மூட்டு வலி குறைந்தது. சோர்வும் கொஞ்சம் விலகியது. வலது கண் மட்டும் திரும்பவில்லை. நடுவில் வெள்ளைத் தழும்பு. வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. தையல் மெஷினை மூடி அதன்மேல் தலையணைகளை அடுக்கிவிட்டாள்.

அவளுடைய கோபம் எங்கே போயிற்று தெரியுமா? அந்த இளம் மருத்துவர்மீது! "கண்ணீரு வருதான்னு கேட்டுச்சே அந்தப் பொண்ணு! கரீட்டாத்தானே கேட்டுச்சு? கேட்டுட்டு சாம்பலுன்னு ஏன்யா வுட்டுச்சு? கைல மாட்டட்டும், நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்த கேக்குறேன்." தண்ணீர் லாரிக்கு நிற்கும் பெண்களிடமெல்லாம் சொன்னாள். பதினைந்து பேரில் கண்டுபிடித்த ஒரே ஒருவரைத் தெருவே திட்டியது. நான் குடங்களை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

சென்ற மாதம் அதே பள்ளியில் மறுபடியும் முகாம் வந்தது. தடுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. நேராக அவர் மேசைமுன் போய் நின்றாள்.

"என்னத் தெர்தா டாக்டரம்மா? கண்ணீரு வருதான்னு கேட்ட பாரு, அந்தப் பொம்பள. இந்தா, கண்ணப் பாரு!"

மருத்துவர் எழுந்து நின்றுவிட்டார். அந்தக் கண்ணைப் பார்த்தார். "அம்மா, நான் அன்னிக்கே லெட்டர்..." என்று தொடங்கினார்.

வசந்தாவின் முதுகுக்குப் பின்னால் நான் இரு கைகளையும் கூப்பினேன்.

ஆம். கூப்பினேன். என் பேத்தி வயதுள்ள பெண்ணைப் பார்த்து, சொல்லாதே என்று கும்பிட்டேன்.

"இன்னா லெட்டரு?" என்றாள் வசந்தா.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, நான் எண்ணவில்லை. பிறகு வசந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "லெட்டரை உங்க கையில குடுத்து அனுப்பியிருக்கணும்மா. குடுக்கல. அது என் தப்பு. மன்னிச்சுக்கோங்க."

வசந்தாவின் தோள்கள் தளர்ந்தன. பிறகு அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தடவினாள். "வுடும்மா. சின்னப் பொண்ணு நீ. இனிமே வர்றவங்களுக்கு எழுதிக் குடு."

வீடு திரும்பும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "பாத்தியாய்யா? ஒத்துக்கினா. யாரு ஒத்துக்கிறாங்க இந்தக் காலத்துல? மனசு லேசா ஆயிடிச்சு எனுக்கு."

அன்றிலிருந்து அவள் யாரையும் திட்டுவதில்லை. இந்த நோயின் பொருட்டு அவளிடம் இருந்த மன்னிப்பு ஒன்றே ஒன்று. அதை அவள் கொடுத்துத் தீர்த்துவிட்டாள். இப்போது நான் போய் எதைக் கேட்பது?

இரண்டு மணிக்கொரு முறை சொட்டு மருந்து போட வேண்டும். நான்தான் போடுகிறேன். நாற்காலியில் சாய்ந்து முகத்தை என் கைக்குக் கொடுப்பாள். இமையை விரித்துப் பிடிப்பேன். மருந்து வழிந்து கன்னத்தில் இறங்கும். பார்க்கிறவர்களுக்கு அவள் அழுவதுபோல் தெரியும்.

"இன்னாய்யா கை இப்டி ஆடுது?" என்பாள்.

வயதாகிவிட்டது என்று சொல்கிறேன்.