ஆறு பாட்டிலில் ஒரு சொல்

உறுவையாறு கிராமத்து உஷாராணிக்கு வயது நாற்பது. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. அம்மாவோடு நடவுக்குப் போன கை, பதினோரு வருடமாகத் திருபுவனைக் கம்பெனியில் ஷாம்பு பாட்டில்களைப் பெட்டியில் அடுக்குகிறது. அங்கே லைன் லீடர் வேலை ஒன்று காலியானது. தினமும் காலையில் எல்லோரும் வரிசையில் நிற்க, லீடர்தான் உறுதிமொழியை இங்கிலீஷில் வாசிக்க வேண்டும். அந்த வேலைக்கு ஆசைப்பட்ட உஷாராணி அதைத் தமிழ் எழுத்தில் எழுதி வாங்கி உருப்போட்டுவிட்டாள். 'ரெஸ்பான்ஸிபிலிட்டி' என்ற ஒரு சொல்தான் வாயில் நுழையாமல் மல்லுக்கு நின்றது.

பக்கத்து மேசைத் தேவி, சேர்ந்து மூன்றே மாதமான பெண், வழி சொன்னாள்.

"பொட்டிக்கு ஆறு பாட்டில்தானேக்கா? பாட்டிலுக்கு ஒரு துண்டு. ரெஸ், பான், ஸி, பி, லி, டி. நாலாவத மட்டும் அழுத்தி வை."

"ரெஸ்பான்ஸிபிள்னு சொல்றப்ப ரெண்டாவதத்தானடி அழுத்துறாங்க?"

"அது குட்டிச் சொல்லுக்கா. வால் ஒட்டுனா கனம் பின்னால போயிடும். மாட்டு வண்டியில பின்பாரம் ஏத்துன மாதிரி."

"நீ எங்கடி மாட்டு வண்டியக் கண்ட?"

ஒரு வாரம் பெட்டி பெட்டியாக அந்தச் சொல்லை அடுக்கினாள்.

தேர்வன்று சொல் பிசகாமல் வந்தது. கை மட்டும் காற்றில் ஆறு தடவை இறங்கியது. அதிகாரி சிரித்துவிட்டார்.

"நல்ல வழியா இருக்கே. யாரும்மா சொல்லிக் குடுத்தது? டிரெயினிங்குக்கு அப்படி ஒரு ஆள் வேணும்."

தேவி நாலடி தள்ளித்தான் நின்றிருந்தாள். பெயரைச் சொன்னால் லீடர் வேலையும் அவளுக்கே போய்விடுமோ என்று உஷாராணி பயந்தாள்.

"யாரும் இல்ல சார். நானாத்தான் கத்துக்கினேன்."

வேலை கிடைத்தது. சாயங்காலம் கம்பெனி வண்டியில் தேவி வழக்கம்போல அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். உஷாராணி உட்காராமல், கம்பியைப் பிடித்தபடி ஊர்வரை நின்றே வந்தாள். வீட்டில் புருஷன் ஆண்டனி ஆசையாகக் கேசரி கிளறி வைத்திருந்தான். அவள் அதை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

மறுநாள் முதல் வேலையாக அதிகாரியிடம் போய் உள்ளதைச் சொன்னாள்.

"டிரெயினிங்குக்கு நேத்தே வேற ஆளச் சொல்லிட்டேனேம்மா" என்றார் அவர்.

வரிசை முன்னால் உறுதிமொழியை வாசித்து முடித்தும் அவள் நகரவில்லை. "இத எனக்குச் சொல்லிக் குடுத்தது தேவி. நேத்து நான் சொன்னது பொய்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. அதனால் இன்னொரு தடவை, உரக்கச் சொன்னாள். நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தேவி கையுறையை மாட்டிக்கொண்டே அவளைத் தாண்டிப் போனாள். போகும்போது மெதுவாகத்தான் சொன்னாள்:

"நேத்து சொல்லியிருக்கலாமேக்கா."