நிலத்தில் நடும் மேப்பிள்

கனடாவின் ஸ்காபரோவில் நான் வேலைசெய்த மரக்கன்றுக் கடைக்கு அந்த மெலிந்த மனிதர் ஒவ்வொரு வசந்தத்திலும் வருவார். பட்டையை நகத்தால் சுரண்டி, உள்ளே உயிருள்ள பச்சை தெரிந்தால்தான் வாங்குவார். அதுவும் தொட்டியில் வைக்கும் குட்டை ஜப்பானிய மேப்பிள். பனிக்காலத்தில் வேர் உறைந்து அது பட்டுப்போகும்.

“நிலத்தில நடுற வகை குளிரைத் தாங்கும், அண்ணை” என்பேன்.

“சண்டை முடிய ஊருக்குப் போயிடுவன். நட்டிட்டு எப்பிடி விட்டிட்டுப் போறது?”

வன்னியில் போர் முடிந்த மே மாதமும் வந்தார். வழக்கமான குட்டை மரத்தை எடுத்தேன்.

“உது வேண்டாம். நிலத்தில நடுறதைத் தாரும்.”

“அப்ப ஊருக்குப் போகேல்லையோ?”

“ஆரிட்டைப் போறது?”

நான் காட்டிய சிவப்பு மேப்பிளைத் தூக்கிக்கொண்டு போனார். பட்டையைச் சுரண்டிப் பார்க்கவில்லை. அந்த மரம் பிழைத்ததோ தெரியாது. அவர் பிறகு வரவேயில்லை.