பேர் சொல்லும் இடம்

புதுக்கோட்டையில் இப்போது பஸ் ஸ்டாண்டு இருக்கிற இடத்தில், நான் கல்யாணமாகி வந்தபோது ஒரு பார்க் இருந்தது. பெரிய பார்க் என்று சொல்ல முடியாது. இடுப்பளவு சுவர், நாலைந்து வாகை மரங்கள், சிமெண்டு பெஞ்சுகள், நடுவில் ஒரு மேடை, மேடையில் முனிசிபாலிட்டி ரேடியோ. சாயங்காலமானால் முனிசிபல் ஆள் ஒருவர் வந்து பெட்டியின் பூட்டைத் திறந்து ரேடியோவைப் போடுவார். கம்பத்து உச்சியில் இருந்த ஒலிபெருக்கி, கேட்க வந்தவர்கள் வராதவர்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கத்தும். காதைப் பொத்திக்கொண்டு போகிறவர்களும் உண்டு. எனக்கு அந்தச் சத்தம்தான் வேண்டியிருந்தது.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் எங்கள் கல்யாணம். என் வீட்டுக்காரர் சமஸ்தான ஆபீசில் குமாஸ்தா. பெயர்ப்பலகையை மாற்றினார்கள், அவர் அதே நாற்காலியில் உட்கார்ந்து சர்க்கார் குமாஸ்தா ஆகிவிட்டார். தலைநகரமாக இருந்த ஊர் திருச்சி ஜில்லாவில் ஒரு மூலையாகிவிட்டது. புகுந்த வீட்டுக்கு வந்த பெண் மாதிரி ஊரும் கொஞ்ச நாள் வாயைத் திறக்காமல் இருந்தது.

எங்கள் வீடு மேல மூன்றாம் வீதியில். மாமனார், மாமியார், மைத்துனர்கள், ஓரகத்தி, நாத்தனார், வந்து தங்கிவிட்டுப் போக மறந்த ஒரு சின்ன மாமனார். இத்தனை பேர் நடுவில் புருஷனும் பெண்டாட்டியும் பகலில் பேசிக்கொள்கிற வழக்கமே கிடையாது. அவருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவிடம் கேட்பார். அத்தை என்னிடம் சொல்வார். நான் கொண்டுபோய் அத்தையிடம் கொடுப்பேன். தண்ணீருக்கே இத்தனை சுற்று என்றால் மற்ற சமாச்சாரங்களைக் கேட்கவே வேண்டாம்.

புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்பதும் எங்கள் காலத்துச் சட்டம். அவருக்கு ஒரு சாமியின் பேர். அந்தச் சாமியைக் கும்பிடும்போதுகூட, "எங்க வீட்டுக்காரர் பேருள்ள சாமி, காப்பாத்துப்பா" என்றுதான் கும்பிட்டேன். ரேஷன் கடையில் கார்டு யார் பேரில் என்று கேட்டால் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்ப்பேன், அவள் சொல்லுவாள். அவள் முறை வந்தால் நான் சொல்லுவேன். வீதியில் இருந்த அத்தனை புருஷன்மார் பேரும் என் வாயில் சரளமாக வரும், என்னுடையவர் பேரைத் தவிர. இங்கேயும் அதை எழுதப் போவதில்லை. பழக்கம் அப்படி.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக மட்டும் எங்களைச் சேர்த்து அனுப்புவார்கள். அவர் முன்னால் விறுவிறுவென்று போவார், நான் பின்னால் எட்டு வைப்பேன். திரும்பும் வழியில் பார்க். ஒரே பெஞ்சில் அவர் அந்தக் கோடி, நான் இந்தக் கோடி, நடுவில் தேங்காய்த் தட்டு. இருவரும் ரேடியோவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். பார்க்கிறவர்களுக்கு நாங்கள் செய்தி கேட்கிற கண்ணியமான குடும்பம். பேசுவது எங்களுக்கு மட்டும் கேட்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் ரேடியோவைப் பார்த்தபடியே சொன்னார்: "என் பேரைச் சொல்லு பார்ப்போம்."

"என்ன விளையாட்டு இது? யார் காதுலயாவது விழுந்துச்சுன்னா?"

"இந்தக் கத்தல்ல ஒன் காதுலயே விழாது. சொல்லு."

நான் சொல்லவில்லை. அடுத்த வாரமும் கேட்டார். அதற்கடுத்த வாரமும். மனுஷர் ஆபீசிலும் இப்படித்தான், ஒரு காகிதத்தை எடுத்தால் முடிக்காமல் விடமாட்டார். கடைசியில் நாதஸ்வரம் உச்சத்துக்குப் போன சமயம் பார்த்துச் சொல்லிவிட்டேன். "கேக்கலையே" என்றார். கேட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. இன்னும் உரக்கச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று இருந்தது.

அதன்பிறகு பார்க்கில் அவர் எனக்குப் பேர்தான். பேரைச் சொல்லப் பழகியபின் ஒன்றைக் கண்டுகொண்டேன். "ஏங்க" என்று தொடங்கினால் அதற்குப் பின்னால் கெஞ்சல்தான் வரும். பேரைச் சொல்லித் தொடங்கினால் சண்டையே போடலாம். பொழுதுக்கும் வாய்மூடிக் கிடந்த நான் அந்தப் பெஞ்சில் அவரோடு வாதாடினேன், கேலி பண்ணினேன், திருச்சிக்கு மாற்றல் கேட்க இருந்தவரைத் தடுத்து நிறுத்தினேன். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் வேறொருத்தி. அவளை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவருக்கும்தான்.

அப்போதுதான் ஊருக்கு மேற்கே, முந்திரிக் காடாகக் கிடந்த செம்மண் மேட்டில் கல் நட்டு மனை பிரித்தார்கள். முடுக்கெல்லாம் மனைத் தரகர்கள். நேற்றுவரை நரி ஓடிய காட்டுக்கு நகர் என்று பேர் வந்தது. அவருக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. பார்க் மணலில் குச்சியால் கோடு போட்டு வீடு கட்டுவார். இது கூடம், இது அடுப்படி, இது நம்ம ரூம். நான் அவர் பேரைச் சொல்லி, அடுப்படிக்கு ஜன்னல் எங்கே என்று கேட்பேன். உடனே அழித்துவிட்டு ஜன்னல் வைப்பார்.

"நம்ம வீடுன்னு ஒண்ணு வந்துட்டா நீ எந்நேரமும் பேரைச் சொல்லிக் கூப்பிடலாம். ஒளிஞ்சு மறைஞ்சு சொல்ல வேண்டியதில்ல" என்றார். அந்த வார்த்தைக்காகத்தான் நான் மனைக்குச் சம்மதித்தேன். கழுத்தில் கிடந்த சங்கிலியைக் கழற்றிக் கொடுத்ததும் அதற்காகத்தான்.

வீடு செம்புராங்கல்லில் மெதுவாக எழும்பிக்கொண்டிருந்தபோதே பார்க்குக்கு நாள் குறித்துவிட்டார்கள். கீழ ராஜ வீதியில் பஸ்கள் வரிசையாக நின்று மாட்டு வண்டிக்கும் வழியில்லை, அதனால் பார்க்கை எடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டு வரப்போகிறது என்றார்கள். ஊருக்கே சந்தோஷம். சுற்றிலும் கடை வரும், ஏலம் எடுக்கலாம் என்று எங்கள் வீட்டிலேயே பேச்சு நடந்தது. நானும் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய? இது நான் என் புருஷன் பேரைச் சொல்லுகிற இடம், விட்டுவிடுங்கள் என்று முனிசிபாலிட்டிக்கு மனுவா போட முடியும்?

முதலில் ரேடியோவை மார்க்கெட் பக்கம் கொண்டுபோனார்கள். அந்த வெள்ளிக்கிழமையும் போய் உட்கார்ந்தோம். கடலை விற்கிறவர் காசு எண்ணுவதுகூடக் கேட்டது. ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வந்தோம். அடுத்த தடவை போனபோது வாகை மரங்கள் வெட்டிக் கிடந்தன, பெஞ்சைப் பெயர்த்த இடத்தில் தார் டின்கள் அடுக்கியிருந்தன.

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று, வந்தவர்களெல்லாம் சாப்பிட்டுக் கிளம்பியபின் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் கதவைச் சாத்தினால் வேறு யாருமே இல்லாத வீட்டில் இருப்பது அதுதான் முதல் தடவை. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இப்பச் சொல்லு. யாருமில்ல."

நான் வாயைத் திறந்தேன். வரவில்லை. வீடு அத்தனை நிசப்தமாக இருந்தது. சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு சொல்லிப் பழகிய பேர், எனக்கே எனக்கென்று ஒரு வீடு கிடைத்ததும் தொண்டையோடு நின்றுவிட்டது. சாமி படமும் குத்துவிளக்கும் பார்த்துக்கொண்டிருக்க, நான் அங்கேயும் மருமகளாகத்தான் நின்றேன். திரும்பவும் முயன்றேன். "ஏங்க" என்றுதான் வந்தது.

அவர் சிரிக்கப் பார்த்தார். "சரி, மெதுவா வரும்" என்றார். வரவில்லை. மாமனார் காலமானபின் அத்தை எங்களோடு வந்துவிட்டார், நாத்தனார் பிரசவத்துக்கு வந்தாள், எங்களுக்கும் பிள்ளைகள் பிறந்தார்கள். அவர் அவர்களுக்கு அப்பா ஆனார், எனக்கும் "தம்பியோட அப்பா" ஆனார். தண்ணீர் கேட்டால் இப்போது நேராக என்னிடமே கேட்டார். ஜன்னல் வைத்த அடுப்படியில் நின்றுகொண்டு அந்தப் பெஞ்சுக்காக ஏங்கியிருக்கிறேன். சொந்த வீட்டில் இருந்துகொண்டு இப்படி ஓர் ஏக்கமா என்று வெட்கமாகவும் இருக்கும். அவர் மறுபடி பேரைக் கேட்கவே இல்லை. மறந்துவிட்டார், ஆண்களுக்கு இதெல்லாம் எங்கே நினைவிருக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சில வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சி போகக் கிளம்பினோம். இடுப்பில் பிள்ளை, கையில் பை, பஸ் ஸ்டாண்டில் முகூர்த்த நாள் கூட்டம். வழக்கம்போல் அவர் முன்னால் விறுவிறுவென்று போனார். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். பலகையில் "திரு" வரைக்கும் பார்த்திருப்பார் போல, திருமயம் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார். திருச்சி பஸ் இங்கிட்டு நிற்கிறது, இவர் தெற்கே போகிற வண்டியில் கால் வைக்கிறார்.

"ஏங்க" என்று கத்தினேன். பஸ் ஸ்டாண்டில் இருந்த பாதி ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேட்டிக்காரர், தலைப்பாக்காரர், டீ குடித்துக்கொண்டிருந்தவர், எல்லோரும் எவளுக்கோ "ஏங்க"தானே. இவர் மட்டும் திரும்பவில்லை. மறுபடி கத்தினேன். ஏறி உள்ளே போய்விட்டார். கூட்டத்தை இடித்துக்கொண்டு நான் ஓடுவதைப் பார்த்து கண்டக்டர் விசில் கொடுத்து, நகர்ந்த பஸ்ஸை நிறுத்தினார்.

இறங்கி வந்தவர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. "தொண்டை கிழியக் கத்துறேன், காது கேக்கலையா? ஊர்ல உள்ளவுகள்லாம் திரும்பிப் பார்க்குறாக."

"கேட்டுச்சு" என்றார். பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "யாரோ யாரையோ கூப்பிடுறாகன்னு நெனச்சேன். இந்த இடத்துல நீ கூப்பிட்டா பேரைச் சொல்லித்தானே கூப்பிடுவே."