பூவரசடியில் ஒரு பாராட்டு

வல்லிபுரம் கதை எழுதுகிறான் என்று 1958இல் தெரியவந்தபோது, புங்குடுதீவில் எங்கள் பகுதி முழுவதும் வயிறு குலுங்கச் சிரித்தது. பனையேறிக் கள் இறக்குகிறவரின் மகன். கொழும்பில் அச்சுக்கோப்பவனாக இருந்தான். தன் சனங்கள் படும் பாட்டை அவர்கள் பேசுகிற பேச்சிலேயே எழுதினான். எங்கள் வாசிகசாலைத் தலைவர் அரியநாயகம் பண்டிதருக்கு அது பொறுக்கவில்லை. "கள்ளுக்கொட்டில் பேச்செல்லாம் இலக்கியமோ?" என்று மேடை மேடையாகக் கேட்டார். அவன் வாசிகசாலைக்கு அனுப்பிய முதல் புத்தகத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்.

வல்லிபுரத்தின் ஆசை பெரியதல்ல. அந்த வாசிகசாலைக்குள் போய், கதிரையில் சாய்ந்திருந்து பேப்பர் வாசிக்க வேண்டும். அவனுடைய சாதியார் அந்தப் படி ஏறக்கூடாது. உள்ளே யாராவது உரத்து வாசித்தால் யன்னலுக்கு வெளியே நின்று கேட்கலாம். எங்கள் ஊரின் பெருந்தன்மை அவ்வளவுதான்.

இருபது வருடம் போனது. பல்கலைக்கழகம் ஒன்று அவனுடைய கதைகளைப் பாடமாக்கியது. அன்றிலிருந்து ஊர் வாயில் 'அவன்' போய் 'அவர்' வந்தது. பாலசிங்கம் என்ற விரிவுரையாளர், அவரைச் சொந்த ஊர் வாசிகசாலையிலேயே பாராட்ட வேண்டும் என்று கேட்டார். பண்டிதர் உடனே ஓம் என்றார். வல்லிபுரம் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தார்.

வந்து பார்த்தால் கதிரைகள் எல்லாம் வெளியே, பூவரச மரத்தடியில்.

"உள்ளுக்கை சரியான புழுக்கம். இதிலை நல்ல காத்தோட்டம்" என்றார் பண்டிதர். அது மார்கழி மாதம். சனம் சால்வையைப் போர்த்திக்கொண்டு இருந்தது.

பாலசிங்கம் நெகிழ்ந்துபோனார். "மக்கள் எழுத்தாளனுக்கு மரநிழலை விடப் பொருத்தமான மேடை எது?" என்று கேட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். பண்டிதர் கை படாமல் பொன்னாடை போர்த்தினார். "இவர் பெரிய ஆளா வருவார் எண்டு நான் அப்பவே சொன்னனான்" என்றும் சொன்னார். அந்த மனுசனுக்கு நாக்குக் கூசவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கூட்டம் முடிந்ததும் விரிவுரையாளர் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். வல்லிபுரம் பண்டிதரிடம் வந்தார்.

"ஐயா, உள்ளுக்கை ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வரட்டே?"

பண்டிதரின் முகம் கறுத்தது. உடனே சமாளித்துச் சிரித்தார்.

"உம்மடை புத்தகத்தைத்தானே? நீர் ஏன் அலைவான், இரும். எடுப்பிக்கிறன்."

பாடமான பிறகு வாசிகசாலை வாங்கிய புத்தகம் வெளியே வந்தது. மட்டை போட்டு, வாசிகசாலை முத்திரை குத்தி, அழகாகத்தான் வைத்திருந்தார்கள். பண்டிதர் நீட்டினார். வல்லிபுரம் அதை வாங்கவில்லை. பொன்னாடையைக் கழற்றி மடித்துப் பண்டிதருக்கு முன்னால் கிடந்த மேசையில் வைத்தார்.

"நான் புத்தகத்தைப் பாக்கக் கேக்கேல்லை, ஐயா."

அவர் படலையைத் தாண்டிப் போகும்வரை ஒருவரும் கூப்பிடவில்லை. பிறகு புத்தகத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். கதிரைகளையும் உள்ளே எடுத்தார்கள். அவர் இருந்த கதிரையை மட்டும் கழுவுவதற்குக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார்கள்.