பூட்டியிருந்த சுளுக்குக்காரர் வீடு

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் காலையில் என் வீட்டுக்காரர் கழுத்தைப் பிடித்துக்கொண்டே எழுந்தார். "கோணலா படுத்துட்டேன் போல, சுளுக்கிக்கினு கீது மஞ்சு" என்றார். வலி என்றால் அப்படி ஒரு வலி. இடது கண் இமை வேறு பாதி மூடியிருந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்துவிட்டேன்.

கழுத்து பிடித்துக்கொண்டால் எங்கள் சித்தூர் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு யார் போகிறார்கள்? கங்காதர நெல்லூரில் சுளுக்கு எடுக்கிற பெரியவர் ஒருவர் உண்டு. கழுத்தைப் பிடித்து ஒரே வெட்டாகத் திருப்பிவிடுவார். என் வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிற வழியெல்லாம் என் வேண்டுதல் ஒன்றுதான். முருகா, அந்தப் பெரியவர் வீட்டில் இருக்கணும்.

கதவு பூட்டியிருந்தது.

"பெரியவரு வேலூருக்குத் திருவிழாவுக்குப் பூட்டாரே, நாளைக்கிதான் வருவாரு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

ஆத்திரத்தில் நடுத்தெருவில் நின்று முருகனைத் திட்டினேன். "ஒண்ணே ஒண்ணுதானே கேட்டேன்! அதுகூட முடியாதா உனக்கு? இனிமே உன் படத்துக்குப் பூ வெச்சேன்னா என் பேரு மஞ்சு இல்ல!" திரும்பிப் பார்க்கிறேன், என் வீட்டுக்காரர் வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு போகிறது. வலது கை தொங்கிவிட்டது. என் பேரைச் சொல்லக்கூட அவருக்கு வரவில்லை. ஐயோ, அந்த நேரம் யாருக்கும் வரக் கூடாது.

ஆம்புலன்ஸில் திருப்பதிக்குக் கொண்டுபோனோம். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா தெலுங்கில் முதலில் கேட்டது, கழுத்தை யாராவது பிடித்துத் திருப்பினார்களா என்றுதான். இல்லை என்றேன். "நல்லவேளை" என்றார். கழுத்து ரத்தக்குழாயின் உள்பக்கம் தானாகவே கிழிந்து, அங்கே கட்டிய ரத்தம் மூளைக்குப் போயிருக்கிறதாம்; காலையில் இமை மூடியிருந்ததும் அந்தக் கிழிசலால்தானாம். திருப்பியிருந்தால் ஆளே கிடைத்திருக்க மாட்டாராம். பிறகு என் வீட்டுக்காரரின் கட்டைவிரலை மடக்கிப் பார்த்தார். அது மணிக்கட்டைத் தொட்டது. கல்யாணமான புதிதில் என்னைச் சிரிக்க வைக்க அவர் செய்துகாட்டிய வித்தை அது. உடம்பைச் சேர்த்துப் பிடிக்கிற திசுவே அவருக்குப் பிறவியிலிருந்து வலுவில்லை, குழாய் கிழிந்ததும் அதனால்தான் என்றார் டாக்டரம்மா.

ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்தேன். திட்டின அதே வாயால் எப்படிக் கேட்பது? என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியல முருகா. அவரு வேணும்."

கிருத்திகை அன்று சாயங்காலம் அவர் விரல் என் கையை அழுத்தியது. அங்கேயே ஓவென்று அழுதேன்.

இப்போது நடக்கிறார். பேச்சு இன்னும் குழறுகிறது, ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை போடுகிறார். முருகன் படத்துக்குத் தினமும் பூ வைக்கிறேன், என் பேரும் மஞ்சுதான்.

உங்களுக்கும் கதவு பூட்டியிருந்தால் நன்றாகத் திட்டுங்கள், அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். அவனை விட்டு மட்டும் போய்விடாதீர்கள். போன வாரம் எங்கள் மகன் கட்டைவிரலை மடக்கி எனக்கு வித்தை காட்டினான். மணிக்கட்டைத் தொட்டது. அவனையும் அதே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போகிறேன். இந்தத் தடவை இதைச் செய் என்று நான் சொல்லப்போவதில்லை முருகா. நீயே பார்த்துக்கொள்.